எலும்பர் படை

நம்முடைய வயதுக்காரர்களில் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து வரும் பிள்ளை ஒன்று, "யுத்த காலத்தில சின்னப் பிள்ளையா இருந்தது எப்படி?" என்று கேட்டால் போதும், முகத்தைத் தொங்கப் போட்டுவிடுவீர்கள். பங்கர், ஷெல், அகதி முகாம், அரை வயிற்றுக் கஞ்சி என்று ஒப்பாரி தொடங்கிவிடும். பொய் என்று சொல்லவில்லை. அந்தக் கஞ்சியை நானும் குடித்தவள்தான். ஆனால் நாம் சிரிக்கவே இல்லையா? ஒரு மாரிகாலம் முழுக்க நான் வயிறு நோகச் சிரித்திருக்கிறேன். அதைச் சொல்லப் போகிறேன். அழ வேண்டியவர்கள் வேறெங்காவது போய் அழுங்கள்.

எங்கள் வீடு மட்டக்களப்பு டவுனுக்குக் கொஞ்சம் வெளியே, வாவிக்கரையில் முடியும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அகதிகள் இருந்தார்கள். அதனால் படிப்பு இல்லை. மழை இல்லாத நேரம் வாவிச் சேற்று மணம், மழை பெய்தால் மண் மணம். இரண்டும் எனக்கு இன்றைக்கும் விடுமுறை மணம்தான்.

பக்கத்து வளவில் மாமி. சொந்த மாமி இல்லை, அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். அவவுக்கு என் வயதில் ஒரு மகன். எதிர்ப்பக்கம் பறங்கி வீடு, போர்த்துக்கீசர் வழிவந்த ஆட்கள். அந்த வீட்டுத் தகப்பன் தச்சு வேலைக்காரர். மரம் எங்கிருந்தும் வராத காலம் என்பதால் அவருடைய பட்டறை சும்மா கிடந்தது. அந்த வீட்டுப் பொடியன், மாமியின் மகன், நான், என் தம்பி. இதுதான் எங்கள் கூட்டம்.

நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்குத்தான், ஆஸ்திரேலியாவில் இருக்கும் பெரியம்மா பறங்கிப் பொடியனுக்கு ஒரு பெட்டி அனுப்பினா. பெட்டி எங்கெல்லாமோ உடைத்துச் சோதிக்கப்பட்டு, மூலை நசுங்கி, மாசி மாதம் போல் வந்து சேர்ந்தது. மாரி அந்த வருடம் போக மனமில்லாமல் நின்றது. பெட்டிக்குள் விரல் உயரத்தில் ஈயத்தில் வார்த்த பொம்மைகள். இரும்புச் சட்டை போட்ட வீரர்கள், செட்டை முளைத்த ஒரு பெரிய நாகம், தாடி வைத்த குள்ளர்கள், காது நீண்ட குட்டிச்சாத்தான்கள், கையில் வாள் பிடித்த எலும்புக்கூடுகள். மேசையில் அவற்றை நிறுத்தி யுத்தம் செய்ய வேண்டும். ஒரு சண்டையோடு முடியாது. ஒரு சண்டையில் பிடித்த ஊர் அடுத்த சண்டையில் உன்னுடையது. அப்படியே நாள்கணக்கில் ராச்சியங்கள் வளரும், அழியும்.

எப்படி விளையாடுவது என்று ஒரு புத்தகமும் இருந்தது. இங்கிலீசில். பறங்கி என்றால் இங்கிலீசு தெரியும் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், அவனுக்கு என் அளவுதான் தெரியும். எனக்கு ஒன்றும் தெரியாது.

"இதில என்னடா எழுதியிருக்கு?" என்று மாமியின் மகன் கேட்பான்.

பறங்கிப் பொடியன் பக்கத்தை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோவான். "இதில வந்து, நாகம் நெருப்பு ஊதினா எல்லாரும் சாகணும் எண்டு போட்டிரிக்கு."

"நாகம் உன்ட எண்டதாலயா?"

"இல்லடா, இங்கிலீசில அப்பிடித்தான் இரிக்கு."

இப்படித்தான் சட்டங்கள் உண்டாகின. பெட்டியில் இருந்த தாயக்கட்டை வழியிலேயே தொலைந்துவிட்டது. அதனால் சோகிகளை, கடற்கரைச் சோழிகளை, குலுக்கிப் போட்டோம். எத்தனை மல்லாக்க விழுகிறதோ அத்தனை அடி முன்னேறலாம். பட்டறை மேசையில் ஈர மணல் கொட்டி நாடு செய்தோம். உடைந்த கண்ணாடித் துண்டு வாவி. கண்டல் கொப்பை ஒடித்து நட்டால் காடு. ஊரிச் சிப்பிகளை அடுக்கினால் மதில். ஆள் போதாமல் போனபோது புற்றுமண்ணைப் பிசைந்து அதில் பொம்மையை அமத்தி அச்சு எடுத்தோம். கூரை இறப்பில் தொங்கிய கிழிந்த வலையின் ஈயக்குண்டுகளை மீன் அடைத்து வந்த ரின்னில் உருக்கி ஊற்றினோம். உருகின ஈயம் மேலே ஒரு சாம்பல் ஆடை போர்த்திக்கொண்டு, ஆட்டினால் உள்ளே வெள்ளியாய் மின்னும். அந்தப் புகையைத் தூர நின்று முகர வேண்டும் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பெரியவர்கள் வேறு விசயங்களுக்குப் பயந்துகொண்டிருந்தார்கள்.

நாகமும் இரும்புச் சட்டைக்காரரும் பறங்கிப் பொடியனுக்கு. சாத்தான்கள் மாமியின் மகனுக்கு. குள்ளர்கள் என் தம்பிக்கு. மிச்சம் இருந்த எலும்புக்கூடுகளை என் பக்கம் தள்ளினார்கள். ஏற்கெனவே செத்தவர்களை யார் விரும்புவார்கள்?

"நீ பொம்புளப் புள்ள, உனக்கு இது காணும்" என்றான் மாமியின் மகன்.

அவனை அப்போதே அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. எலும்பர்களை எடுத்து ஒவ்வொன்றின் இடுப்பிலும் சிவப்பு நூல் கட்டினேன், என் படை என்று அடையாளம் தெரிய. தொடர்ந்து தோற்றேன். கல்லடி போனது, கரையோரம் போனது, என் கோட்டையும் போனது. மேசையில் இருந்த ஊர்களுக்கு நம் ஊர்ப் பெயர்களைத்தான் வைத்திருந்தோம். கடைசியில் செங்கலடிச் சந்தி மட்டும் என்னிடம் மிஞ்சியது. தம்பிகூட என்னைப் பார்த்து இளித்தான். அவன் அப்போது மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்தவன்.

மாரி முடிந்து பள்ளி திறக்க முன் கடைசிக் கோட்டைச் சண்டை என்று தீர்மானித்தோம். அன்றைக்குப் படை இல்லாமல் வருபவருக்கு ஆட்டத்தில் இடம் இல்லை. அவர் மற்றவர்களுக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். இந்தச் சட்டம் எழுதப்பட்டபோது மூன்று பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

அப்போதுதான் அந்தப் புத்தகத்தின் படம் ஒன்றில் என் கண் விழுந்தது. மண்ணுக்குள்ளே இருந்து எலும்புக்கூடுகள் கிளம்பி வருகிற படம். "இதில என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டேன். பறங்கிப் பொடியனுக்கு அன்றைக்கு நாகம் வென்ற சந்தோசம், தாராள மனம். "எலும்பன் செத்தா எதிரியிட மண்ணில புதைக்கலாம். எதிரி கண்டுபிடிக்காட்டி அடுத்த சண்டையில ரெண்டு மடங்கு பலத்தோட எழும்பி வரும்" என்றான். மற்ற இரண்டு பேரும் ஓம் என்றார்கள். எனக்குள் விளக்குப் பத்தினது போல் இருந்தது.

அடுத்த சண்டைகளில் என் ஆட்களை வேண்டுமென்றே சாகக் கொடுத்தேன். அவர்கள் சிரிக்கச் சிரிக்கக் கொடுத்தேன். செத்தவர்களை எதிரியின் மண்ணில், அதாவது மாமியின் வளவில், மரவள்ளிப் பாத்தியிலும் முருங்கையடியிலும் கிணற்றடியிலும் ஆளுக்கொரு குழியாகப் புதைத்தேன். தம்பியை மட்டும் கூட்டிப்போனேன், யாராவது வந்தால் இருமச் சொல்லி. கோட்டைச் சண்டை அன்று காலையில் எல்லாரையும் தோண்டி எடுத்துக்கொண்டு போய் நிற்பேன். அவன்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அதற்கு இரண்டு நாள் முன்னதாக மாமி மரவள்ளிக் கிழங்கு கிண்டினா.

மட்டக்களப்பான் மந்திரம் போட்டு வந்த ஆளைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவான் என்று வெளியூர்க்காரன் எங்களைப் பற்றிச் சொல்வது உங்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரன் பாதிதான் நம்புவான். முழுதாக நம்புபவர்கள் நாங்கள். மண்ணுக்குள்ளே ஈயத்தில் ஓர் எலும்புக்கூடு, இடுப்பில் சிவப்பு நூல். இதற்கு மேல் ஒரு செய்வினைக்கு என்ன வேண்டும்?

மாமி அதை ஒரு வாழையிலையில் வைத்து வேலியடிக்குக் கொண்டுவந்தா.

"இஞ்ச பாருகா" என்றா என் அம்மாவிடம். "இது என்னகா?"

"எனக்கென்னகா தெரியும்?"

"தெரியாதா? மூணு மாசமா இவருக்கு மீனே படல்ல. உன்ட புருசனுக்கு மட்டும் படுது. மறுகா எப்பிடிகா இது என்ட வளவுக்குள்ள வந்த?"

மீன் ஏன் படவில்லை என்பது ஊருக்கே தெரியும். விடிய முன் வாவியில் இறங்க ஆமிக்காரன் விடவில்லை. விடிந்த பிறகு இறங்கினால் மீனா காத்திருக்கும்? என் அப்பாவுக்கும் படவில்லை, நாங்கள் கருவாட்டோடு கிடந்தோம். ஆனால் ஆமிக்காரனில் கோபப்பட்டு என்ன செய்வது? பக்கத்து வீட்டுக்காரியில் கோபப்பட்டால் ஒருவரும் சுடமாட்டார்கள். இது இப்போது விளங்குகிறது. அன்றைக்கு எனக்கு விளங்கியது ஒன்றுதான். மாமியின் கையில் இருப்பது என் ஆள்.

"அது என்ட எலும்பன், மாமி" என்றேன். "நாங்க விளையாடுற சாமான். நான்தான் புதைச்ச."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கண்ணீர் இருந்தது. தன்னைக் காப்பாற்றப் பிள்ளை பொய் சொல்கிறது என்று நினைத்துவிட்டா. மாமி வேறு மாதிரி நினைத்தா. "பச்சப் புள்ளய வைச்சுப் பொய் சொல்ல வைக்கிறாய், நீயெல்லாம் ஒரு மனிசியா?" என்றா. மாமியின் மகனும் நான் சொல்வது உண்மை என்று சொல்லிப் பார்த்தான். அவனுக்கு முதுகில் ஒன்று விழுந்தது. பறங்கிப் பொடியன் ஓடிப்போய்ச் சாட்சிக்குப் பெட்டியையே தூக்கிவந்தான். பெட்டி மூடியில் மண்டையோடும் நெருப்பும் கொம்பு வைத்த பிசாசும் வண்ணத்தில் இருந்தன. மாமி அதைப் பார்த்துவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்துவிட்டா.

"கடல் கடந்து வந்திரிக்கு" என்றா.

உண்மையைச் சொன்னோம். நாலு பேரும் சொன்னோம். சாமான் பெட்டியையும் காட்டினோம். ஒருவரும் நம்பவில்லை. அன்றைக்குத் தொடங்கியதுதான் பெரியவர்களில் எனக்கு இருக்கும் எரிச்சல். இப்போது நானே பெரியவளாகியும் அது போகவில்லை.

எங்கள் வளவில் இருந்த பங்கர்தான் இரண்டு வீட்டுக்கும் பொது. மறுநாள் ஹெலி வந்தது. நாங்கள் உள்ளே இறங்கிவிட்டோம். மாமி வரவில்லை. மகனையும் இழுத்துக்கொண்டு போய் மாமரத்துக்குக் கீழே குப்புறக் கிடந்தா.

அம்மா பங்கர் வாசலில் தலையை நீட்டிக் கத்தினா. "வாகா இஞ்ச! வந்து என்ட சூனியத்தோட கிட!"

"நான் இஞ்சயே சாவன்!"

"நீ செத்துக்க, புள்ளய அனுப்பு!"

ஹெலி சுடாமல் போய்விட்டது. சுட்டிருந்தால் ஒரு பொம்மைக்காக இரண்டு பேர் செத்திருப்பார்கள். அம்மாவின் சத்தத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். மாமரத்தை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

மாமியின் புருசன், எங்களுக்கு மாமா, போய்ப் பரிசாரியாரைக் கூட்டி வந்தார். அவர் காய்ச்சலுக்குக் குடிநீரும் கொடுப்பார், செய்வினையும் வெட்டுவார். சைக்கிளில் வந்தார். நடுச்சாமத்தில் செய்ய வேண்டிய காரியத்தை ஊரடங்குச் சட்டத்தால் உச்சி வெயிலில் செய்தார். பேய்க்கும் ஊரடங்குதானே. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "இது வெளிநாட்டுச் சாமான். சும்மா வெட்டுக்கு மசியாது" என்றார். பெட்டியை அவர் தொடவில்லை. வளவுக்குள் இன்னும் இருக்கிறது, எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்றார்.

கற்பூரப் புகை, வேப்பிலை, வெட்டின தேசிக்காய் மணம். பரிசாரியார் கையில் பிரம்போடு ஆடிக்கொண்டு வளவைச் சுற்றினார். ஊரே வேலியில் தொங்கியது. நான் அசையாமல் நின்றேன், என் முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் என் தம்பி! அந்த மூக்கொழுகி முருங்கையடியையே பார்த்துக்கொண்டு நின்றான். பரிசாரியார் ஆடினாரே தவிர, அவர் மண்ணைப் பார்க்கவில்லை. தம்பியின் கண்ணைப் பார்த்தார். முருங்கையடியில் பிரம்பைக் குத்தினார். தோண்டினார்கள். எலும்பன்! ஊர் "ஆ" என்றது. தம்பி பயந்து கிணற்றடியைப் பார்த்தான். அங்கேயும் குத்தினார். தோண்டத் தோண்ட என் படை வெளியே வந்துகொண்டே இருந்தது. பரிசாரியாருக்கே கொஞ்சம் வேர்த்துவிட்டது. இவ்வளவு கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"அங்கால பாக்காதடா" என்று தம்பியின் தொடையில் கிள்ளினேன். அவன் அழுதுகொண்டே கடைசிக் குழியையும் பார்த்தான்.

என் முழுப் படையையும் ஒரு புது மண்முட்டிக்குள் போட்டு, சாம்பலும் தேசிக்காயும் போட்டு, சிவப்புச் சீலையால் வாய் கட்டினார். முகத்துவாரத்துக்குக் கொண்டுபோய், வாவி கடலோடு சேருகிற இடத்தில் போட வேண்டும். நாளைக்குக் கோட்டைச் சண்டை. என் ஆட்கள் கடலுக்குப் போகிறார்கள். நான் தண்ணீர் அள்ளப் போகிறேன்.

பரிசாரியார் முன்னே, மாமா முட்டியோடு பின்னே, செய்வினை செய்த வீட்டு ஆள் கூட வர வேண்டும் என்று என் அப்பாவும். தூரத்தில் நாங்கள் நாலு பேர். றோட்டில் ஆமிச் சென்ரி, மணல் மூட்டைக் காவலரண். அன்றைக்கு எல்லாப் பொதியையும் அவிழ்த்துப் பார்க்கிறார்கள்.

ஆமிக்காரன் முட்டியைக் காட்டினான். "என்ன இது?"

பரிசாரியார் வானத்தைப் பார்த்தார். அப்பா நிலத்தைப் பார்த்தார். ஆமிக்காரன் துவக்கு முனையால் சீலையை விலக்கி எட்டிப் பார்த்தான். ஈயம். முகம் மாறியது. குண்டு என்று நினைத்தானோ என்னவோ. துவக்கை நிமிர்த்தினான். மாமாவுக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது உண்மை மட்டும்தான்.

"சேர், ஹூனியம் சேர்."

சூனியத்துக்குச் சிங்களச் சொல் அது, அவனுக்கு விளங்கியது. நான் வாழ்க்கையில் ஒரு சிப்பாய் பின்னுக்கு நடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மணல் மூட்டையில் முட்டி நின்றான். "எப்பா, எப்பா" என்றான். வேண்டாம் வேண்டாம் என்று. உள்ளே இருந்து பெரியவன் ஒருவன் வந்தான். மட்டக்களப்புச் சூனியம் பற்றி அவனுடைய ஊரில் என்ன சொல்லி அனுப்பினார்களோ, அவனும் முட்டிக்குக் கிட்ட வரவில்லை. அரைகுறைத் தமிழில் கேட்டான். "எங்க போடுற?"

"வாவி முகத்தில, சேர்."

"வாவியிலயா? நாங்க குளிக்கிற தண்ணி! திரும்பிப் போ. வாவி, றோட்டு, கடல், ஒரு இடமும் போட வேணா. உங்கட இடத்தில வை!"

திரும்பி வந்த முட்டியைக் கண்டு அம்மாவும் மாமியும் ஒரே நேரத்தில் படலை வாசலுக்கு ஓடி வந்தார்கள். மாமி, "இஞ்ச கொண்டு வராதங்க" என்றா. அம்மா, "என்ட வளவுக்குள்ள வைச்சுப் பாருங்க பாப்பம்" என்றா. இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று பரிசாரியாரைப் பேசிய பேச்சு இங்கே எழுத முடியாதது. "நீங்க எடுத்த சாமான நீங்களே கொண்டு போங்க" என்றா அம்மா. "அதானேகா" என்றா மாமி. எங்கள் ஊர்ப் பெண்கள் தங்களுக்குள் போடும் "கா"தான், ஆனால் இது ஒத்துப்போகிற "கா"; அதோடு சண்டை முடிந்தது. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று பின்னேரம் மாமி ஒரு கோப்பை உப்புக் கேட்டு வந்தா, அவ்வளவுதான்.

பரிசாரியாருக்குச் சைக்கிளில் ஏறிப் போனால் போதும் என்று ஆகிவிட்டது. ஒழுங்கை முடிவில், ஆட்கள் விட்டுவிட்டு ஓடின ஒரு பாழ்வளவு இருந்தது. அங்கே நாவல் மரத்தில் முட்டியைத் தொங்கவிட்டார். வேலி நெடுக நூலில் தேசிக்காய் கோத்துக் கட்டினார். மறு மாரி வரைக்கும் ஒரு மனிசரும் உள்ளே கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, மிதித்த மிதியில் சங்கிலி கழன்றும் நிற்காமல் தள்ளிக்கொண்டு போனார்.

அடுத்த நாள். வேலிக்கு வெளியே நாங்கள் நாலு பேர்.

"பெட்டியில வேற எலும்பன் இல்ல" என்றான் பறங்கிப் பொடியன். "நீ தண்ணி அள்ளு."

"என்ட படை அங்க தொங்குது. எடுத்துக்கொண்டு வாறன்."

"விசரா உனக்கு? அதுக்கு மந்திரம் ஓதியாச்சு. இப்ப மெய்யாவே பேய் ஏறியிரிக்கும்." அவன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். நாகத்துக்குச் சொந்தக்காரன்!

"ஏறட்டும். என்ட படைக்குத்தானே ஏறியிரிக்கு."

தேசிக்காய்க் கொடிக்குக் கீழே குனிந்து போனேன். பயந்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். மரத்தில் ஏறி, சீலையை அவிழ்த்து, முட்டிக்குள் கை விட்டேன். சாம்பல், வெட்டின தேசிக்காய், அதற்குள் குளிர்ந்த ஈயம். ஒவ்வொருவராக எடுத்துச் சட்டை மடியில் கட்டினேன். முட்டியைத் திரும்பக் கட்டிவிட்டு இறங்கினேன். மேலே இருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த வளவு எவ்வளவு பெரியது, எவ்வளவு அமைதி. சுற்றிக் கட்டின கிணறு ஒன்று, அதைச் சுற்றி வழுவழுப்பான சீமெந்து நிலம்.

"இஞ்ச வாங்கடா" என்றேன். "கோட்டைச் சண்டை இஞ்சதான்."

தம்பிதான் முதலில் வந்தான். மற்ற இரண்டு பேரும் தனியே நிற்கப் பயந்து வந்தார்கள்.

ஓட்டுத் துண்டுகளால் கோட்டை கட்டினோம். அதன் பிறகு சண்டைக்கு முதல் சண்டை.

"கண்டுபிடிச்சாச்சு. அதனால ரெண்டு மடங்கு இல்ல" என்றான் மாமியின் மகன்.

"யாரு கண்டுபிடிச்ச? நீயா?"

"பரிசாரியார்."

"பரிசாரியார் எந்தப் படை? சாத்தான் படையா, நாகப் படையா?"

அவன் தன் சாத்தான் ஒன்றை எடுத்துத் துடைத்து வைத்தான்.

"என்ட அம்மா ஒண்டு கண்டுபிடிச்சா" என்றான் மறுபடி.

"உன்ட அம்மாக்கு எத்தன சாத்தான் இரிக்கு?"

பறங்கிப் பொடியன் புத்தகத்தைப் புரட்டினான். வெகுநேரம் புரட்டினான். "பரிசாரியார் பத்தி இதில ஒண்டும் போடல்ல" என்றான் கடைசியில். அவன் நேர்மையானவன், சட்டத்தை உண்டாக்குவானே தவிர, உண்டாக்கின சட்டத்தை மீற மாட்டான். என் ஆட்களுக்கு இரண்டு மடங்கு பலம்.

சோகி குலுக்கினேன். எலும்பர்கள் சாம்பல் பூசின உடம்போடு நடந்தார்கள். சாத்தான்களை முதலில் அடித்தேன். குள்ளர்கள் தாமாகவே சரணடைந்தார்கள். முருங்கையடியைப் பார்த்ததற்குத் தம்பி எனக்குக் கடன்பட்டிருந்தான். மிச்சம் நாகம். அதன் வாய்க்கு நேரே என் ஆட்களை நிறுத்திவிட்டு, சோகிகளைக் கைக்குள் வைத்துக் குலுக்கும்போது பூட்ஸ் சத்தம் கேட்டது.

ரோந்து. ஒழுங்கையில் வருகிறார்கள். வெறும் காணி, வெறும் வீடு என்றால் உள்ளே பூந்து பார்க்காமல் போகமாட்டார்கள். நாங்கள் கிணற்றுக்கட்டுக்குப் பின்னே ஒட்டிக்கொண்டோம். நான் சோகிகளை இறுக்கிப் பிடித்தேன், ஒன்றும் கிலுங்கக்கூடாது. சத்தம் வேலியடியில் நின்றது. தேசிக்காய் மாலையைப் பார்த்திருப்பார்கள். மரத்தில் தொங்கும் சிவப்புச் சீலை முட்டியைப் பார்த்திருப்பார்கள். ஒருவன் மெதுவாக என்னவோ சொன்னான். பூட்ஸ் சத்தம் ஒழுங்கையின் மறு கரைக்குப் போய், கெதியாக நடந்து, தேய்ந்து போனது.

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. பிறகு நாலு பேரும் சீமெந்தில் உருண்டோம். வாயைப் பொத்திப் பொத்திச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்தது. விக்கலோடுதான் சோகியைப் போட்டேன். எல்லாம் மல்லாக்க விழுந்தன. நாகம் விழுந்தது.

இயக்கமும், ஆமியோடு சண்டை பிடித்த பொடியன்களும், அந்தக் காணிக்குள் வரவில்லை. அவர்களும் நம் ஊர்ப் பிள்ளைகள்தானே, தேசிக்காயைக் கண்டால் விலகிப் போவார்கள். பள்ளி திறந்த பிறகும் பின்னேரங்களில் அங்கேதான் இருந்தோம். சுற்றுவட்டாரத்தில் எந்தப் படையும் பிடிக்காத இடம் அது ஒன்றுதான். அதை நான் பிடித்தேன்.